மீனைக் குறை சொல்லக் கூடாது

கனடாவின் வடக்கே வாழும் எங்கள் திளிச்சோ பழங்குடி ஆட்கள் மீனைக் குறை சொல்ல மாட்டார்கள். தானாக வலைக்கு வந்து உயிரைக் கொடுத்ததை வாய்க்கு வந்தபடி பேசினால், அடுத்த தடவை அது நம் பக்கமே வராது. நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஹெதருக்குத் தெரியாது. பாவம், அது அவள் குற்றமில்லை.

ஹெதர் வைரச் சுரங்கத்தின் தண்ணீரைச் சோதிப்பவள். சுரங்கத்தை மூடுகிறார்கள். தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரப்பியாயிற்று. பள்ளத்துக்கும் எங்கள் ஏரிக்கும் நடுவே நிற்கும் கல் அணையை உடைப்பதுதான் பாக்கி. முதலில் ஒரு மடையை மட்டும் திறந்து, பள்ளத்துத் தண்ணீரை ஒரு குடாவுக்குள் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் குடாவின் மீனை எங்கள் பெரியவர்கள் தின்று பார்த்துச் சரியென்றால், பனி விழுவதற்குள் அணை போய்விடும்.

ஏரியின் மறுகரையில் என் மகள் ஷார்லீன் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள். தினமும் அவள் சட்டியில் ஏரி மீன்தான். எனக்கோ, வருஷாவருஷம் பெரியவர்கள் மீனைத் தின்று பார்க்கும் முகாமில் மொழிபெயர்க்கிற வேலை. சொன்னதைச் சொல்லலாம், சொல்லாததைச் சொல்லக் கூடாது.

நார்சிஸ் சித்தப்பா குடாவில் பிடித்த வெள்ளைமீனைக் கீறினார். ஈரலில் வெளிறிய புள்ளிகள். சட்டென்று குடலை இழுத்து அதன்மேல் மூடினார். நான் பார்த்துவிட்டேன்.

மற்ற வருஷமென்றால் மீன் வேகும் முன்பே சண்டை தொடங்கிவிடும். "தலை எனக்கு, நீ வாலைத் தின்னு கிழவா!" என்பாள் அடேல் அத்தை. இன்று தலை தட்டிலேயே கிடந்தது. ஆளாளுக்கு ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்கள்.

"எப்படி இருக்குன்னு கேளுங்க, ரோசின்," என்றாள் ஹெதர். கேட்டேன்.

சித்தப்பா ஏரியைப் பார்த்தார். "காத்து திரும்புது."

"ஆமா, மழை வரும்போல," என்றாள் அத்தை.

அதையே மொழிபெயர்த்தேன். ஹெதர் ஒலிப்பதிவுக் கருவியில் பேசினாள்: "யாருக்கும் எந்தக் குறையும் இல்லை."

ஐயோ!

"சித்தப்பா, வாயத் தொறந்து சொல்லுங்க. சும்மா இருந்தா சரின்னு எடுத்துக்குவா," என்றேன் எங்கள் மொழியில்.

"தட்டுல மிச்சம் வச்சிருக்கேனே. கண்ண எங்க வச்சிருக்கா அவ?"

"அவ உங்க வாயத்தான் பாக்குறா!"

அவர் தட்டை இன்னும் தள்ளி வைத்தார். அவரை என்னவென்று திட்டுவது? நானும்தான் பயந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் குளிர்கால மீனும் இனிமேல்தான் வலையில் விழ வேண்டும்.

ஹெதர் மிச்ச மீனை அலுமினியத் தாளில் சுற்றி என்னிடம் நீட்டினாள். "ஷார்லீனுக்குக் கொடுங்க. மாசமா இருக்கான்னு சொன்னீங்களே."

பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. நல்ல மனசோடுதான் தந்தாள். என் கை நீளவில்லை.

"வேண்டாம்."

"ஏன்?"

அத்தை என் முழங்கையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. "இந்த மீன் கெட்டது, ஹெதர். சதை கொழகொழன்னு இருக்கு. ஈரல்ல புள்ளி. இத என் பொண்ணு வாயில வைக்க விடமாட்டேன்."

"அப்ப இவங்க ஏன் சொல்லல?"

"சொல்லிட்டாங்களே. தட்டப் பாருங்க."

அவள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். முகம் வெளுத்தது. பிறகு கருவியை என் வாயருகே கொண்டுவந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒரு தடவை சொன்னது போதாதா? ஆனாலும் சொன்னேன். சித்தப்பா எழுந்து போய்த் தண்ணீரில் புகையிலை தூவி, எனக்காக மீனிடம் மன்னிப்புக் கேட்டார்.

அணையை இந்த வருஷம் தொடமாட்டார்கள் என்று ஹெதர் சொன்னாள். மடையையும் அன்றே அடைத்தார்கள்.

மறுநாள் காலை மறுகரையில், ஷார்லீன் வீட்டெதிரே போட்ட என் வலையை இழுத்தேன். அங்கே தண்ணீர் சுத்தம், வலை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. இழுக்க இழுக்க வெறும் தண்ணீர்தான் சொட்டியது. கடைசிக் கண்ணிவரை ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்தது. கரையில் ஷார்லீன் வயிற்றைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகின் மறுமுனையில் இருந்த சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நேற்றுப்போலவே ஏரியைப் பார்த்தார்.

"காத்து திரும்புது," என்றார்.