ஆணியில் தொங்கிய பட்டை

குதிரையிலிருந்து விழுந்ததில் எசென்பாய்க்குக் கழுத்தெலும்பு இரண்டு நசுங்கிவிட்டன. நாரின் நகரத்து டாக்டர் கழுத்துப் பட்டையை மாட்டிவிட்டு, தலையைத் திருப்பவே கூடாது என்றார். எசென்பாய்க்கு வலியைவிடப் பட்டைதான் அவமானம். கோக்-போரு என்னும் குதிரையாட்டக் களத்தில் பத்துப் பேர் கையிலிருந்து செத்த ஆட்டின் உடலைப் பிடுங்கிக்கொண்டு குதிரையில் பறந்த ஆள் அல்லவா? வீட்டுக்குள் மட்டும் மாட்டிக்கொண்டு, ஆறிவிட்டது என்று ஊரை நம்பவைத்திருந்தார். எலும்பு முறிந்தாலும் வீறாப்பு முறிவதில்லை.

மகள் சைக்கால் எதிரணி ஊர்க்காரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பேச்சில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். குதிரையிடம் பேசுவார், இப்போது அதன் பக்கமும் போகமுடியவில்லை. போன வாரம் நண்பன் காடிரிடம் மகள் சொல்லியனுப்பினாள்: "ஆட்டத்துக்கு வர்றேன். அப்பா ஒரு வார்த்தை பேசினாப் போதும், பிள்ளையோட வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா இதோட சரி."

ஆட்டத்தன்று பட்டையைக் கடிவாளம் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். மகள் கண்ணுக்கு அப்பன் முழுசாகத் தெரியவேண்டுமாம்.

பலகை வரிசையில் அவரும் காடிரும் கூட்டத்தோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் பனி பறந்தது.

"அப்பா."

பின்னாலிருந்து வந்தது குரல். எசென்பாய் எல்லாவற்றையும் மறந்து தலையைத் திருப்பப் போனார். கழுத்திலிருந்து விரல் நுனிவரை சுரீரென்று இழுத்தது. மூச்சு நின்றது, பல் கிட்டியது. வாயில் வார்த்தை வரவில்லை.

"நான்தாம்ப்பா. பேரன் வந்திருக்கான்."

விறைத்த முதுகையும் இறுகிய தாடையையும்தான் அவள் பார்த்தாள்.

"சரி. உங்க பிடிவாதம் உங்களோடயே இருக்கட்டும்."

அவர் இரு கைகளையும் பலகையில் ஊன்றி, பீரோவை நகர்த்துவதுபோல் உடம்பையே திருப்பி முடித்தபோது, அவள் கூட்டத்தைத் தாண்டி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் சிவப்புக் குல்லாய் மட்டும் தெரிந்தது.

"ஏண்ணே, பெத்த பொண்ணு கூப்பிட்டா ஒரு தரம் திரும்பினா என்ன, தலை கழண்டா விழுந்துடும்?" என்றான் காடிர்.

சுற்றிலும் சிரித்தார்கள். திரும்பமுடியவில்லையடா என்று சொல்லியிருக்கலாம். காடிர் ஓடிப்போய் வண்டியை நிறுத்தியிருப்பான். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஆட்டத்தைப் பாருடா," என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டையை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். மகள் மறுபடி வந்தால் தலையைத் திருப்பாமலே நேர் எதிரில் தெரியட்டும் என்று பாயைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டார். வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.