மணமகள் அறை

கயல்விழி கதவை இந்த முறை உள்ளங்கையால் தட்டவில்லை, கை முட்டியால் இடித்தாள். உள்ளே யாரும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் மனிதர்களை இடிக்க முடியாதபோது கதவையாவது இடிக்கத்தானே வேண்டும். கதவின் மேல் தங்க நிற எழுத்தில் 'மணமகள் அறை' என்று எழுதியிருந்தது.

"அதை ஏம்மா ஒடைக்கிற? சாவி சிதம்பரத்துல மொதலாளிகிட்ட இருக்குன்னு சொல்றேன்ல" என்றார் சிங்காரம். அவர்தான் மண்டபத்து மேனேஜர்.

"போன் போட்டுக் கேளுங்கண்ணே."

"டவர் கெடைக்கல."

"எனக்குக் கெடைக்குதே. இந்தாங்க, என் போன்லயே பேசுங்க."

சிங்காரம் போனைக் கையில் வாங்கவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

கூடத்தில் சுவரோரமாக அவள் மாமனார் கலியமூர்த்தி இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். கடலூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தக் காலத்தில் அவர் ஊதும் விசில் அடுத்த ஸ்டாப்பிங் வரை கேட்கும் என்பார்கள். இப்போது ஒரு மூச்சை உள்ளே இழுப்பதற்குள் கழுத்து நரம்பெல்லாம் எழும்பி அடங்கியது. பக்கத்தில் ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்று மருந்து ஊற்றித் தயாராகக் காத்திருந்தது. ஒயர் சுருட்டியபடியே கிடந்தது.

காலையில் வந்து சேர்ந்தபோது மாமா நன்றாகத்தான் இருந்தார். தெருவே திரண்டு பாயும் பக்கெட்டுமாக ஏறி வருவதைப் பார்த்து, "முகூர்த்தம் எத்தினி மணிக்கு? மொதப் பந்தியிலயே உக்காந்துடலாமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். வாசலில் 'நல்வரவு' வளைவின் மேல் 'புயல் பாதுகாப்பு மையம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். காற்றில் அதன் ஒரு முனை அப்போதே அவிழ்ந்துவிட்டது.

போன வெள்ளத்தில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டதால், இனிமேல் புயல் என்றால் மேட்டில் இருக்கிற இந்த மண்டபம்தான் என்று முடிவானது. கோடையில் ஒத்திகை நடந்தது. தன்னார்வலர் என்று கயல்விழிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோட்டு கொடுத்தார்கள். அன்றைக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தன. வந்த அதிகாரி இதே அறையைக் காட்டி, "சீக்காளிகள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்த ரூம். ஏசி இருக்கு, பாத்ரூம் இருக்கு, ஜெனரேட்டர் லைனும் இருக்கு" என்றார். கயல்விழிதான் முதலில் கை தட்டினாள். அந்த அறை அவளுக்குத் தெரியாததா? அவள் கல்யாணமே இங்கேதான் நடந்தது. விடிய விடிய அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். கட்டில் எங்கே, பிளக் பாயிண்ட் எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள்.

அந்த நம்பிக்கையில்தான், திட்டக்குடியிலிருந்து நாத்தனார் போன் செய்து "அப்பாவ இங்க அனுப்பிடுங்க" என்றபோது, "எதுக்கு அம்மாந்தூரம் அலைக்கழிக்கணும்? இங்க எல்லா வசதியும் இருக்கு" என்று இவள் தடுத்தாள். வசதிக்கு என்ன குறை? எல்லா வசதியும் பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது.

கூடத்துச் சுவரிலும் பிளக் பாயிண்ட்கள் இருந்தன. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கண்டபடி செல்போனைச் சொருகுகிறார்கள் என்று அவற்றுக்கு ஜெனரேட்டர் லைனை எடுத்துவிட்டார்களாம். ஊரில் கரண்ட் போனதிலிருந்து கூடத்தில் விளக்கும் ஃபேனும் மட்டும் வேலை செய்தன. ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுகிற சமையல்கட்டு பின்பக்கம் பள்ளத்தில் இருந்தது. அங்கே முழங்கால் அளவுத் தண்ணீரில் அண்டாக்கள் மிதந்தன. நூற்றெட்டுக்குப் போன் செய்தால், பாலத்துக்குக் கீழே தண்ணீர் வடிந்தால்தான் வண்டி வரும் என்றார்கள்.

கயல்விழி கணவனுக்குப் போன் போட்டாள். இளவரசு மின்சார வாரியத்தில் வயர்மேன். சிதம்பரம் பக்கம் கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று நேற்றே கூட்டிப் போய்விட்டார்கள். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கப் போனவன் அப்பாவுக்கு ஒரு பிளக் பாயிண்ட் இல்லை.

"என்னாங்க, மாமாவுக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. மெஷின் போட எடமில்ல. ரூம் சாவி ஓனர்கிட்ட இருக்காம். அவுரு ஊடு அங்க சிதம்பரத்துலதான். நீங்க போயி கேளுங்க."

"இந்த மழையிலயா? சரி சரி, போறேன். அப்பாவப் பாத்துக்க கயலு."

பக்கத்துப் பாயில் இருந்த விருத்தாம்பாள் மாமாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவர்கள் தெருமுனையில் பூ விற்கிறவள். வருகிற முகூர்த்தத்தில் அவள் மகள் இசைவாணிக்கு இதே மண்டபத்தில் கல்யாணம். அட்வான்ஸ் கொடுத்தவள் என்ற உரிமையில் காலையில் சிங்காரத்திடம் அறையைத் திறக்கச் சொல்லி அவளும் கேட்டுப் பார்த்தாள். "ஒன் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு வாங்கிக்க" என்று பதில் வந்தது.

மத்தியானம் காற்று குறைந்தது. மாமியார் ரத்தினம்மாள் அத்தை, பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரை டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு, "ஒரு வாய் குடிங்க" என்று கெஞ்சினாள். மாமா தலையை ஆட்டினார். கயல்விழியைப் பார்த்து, சுருண்டு கிடந்த ஒயரைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே தலை தலையணையில் ஒருபக்கமாகச் சரிந்தது. இழுப்புச் சத்தம் நின்றது.

"மாமா" என்றாள். மார்பில் கையை வைத்தாள். மூக்கருகில் விரலை வைத்தாள். அழுகை கிளம்பியது.

சிங்காரம் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் குனிந்தார். "அழுதுடாதம்மா, ஒன்னக் கையெடுத்துக் கும்புடறேன். மண்டபத்துல சாவு உழுந்துச்சுன்னு தெரிஞ்சா இனிமே ஒருத்தரும் இங்க தாலி கட்ட மாட்டாங்க. உள்ள கொண்டு போயிடலாம். தண்ணி வடிஞ்சதும் வண்டியில ஏத்தி, ஆஸ்பத்திரி போற வழியில ஆயிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

சொல்லிக்கொண்டே வேட்டியை விலக்கி, அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார்.

கயல்விழி அந்தச் சாவியையே பார்த்தாள். "சிதம்பரத்துலேர்ந்து சாவி வந்துடுச்சாண்ணே?" என்றாள்.

சிங்காரம் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "போன வெள்ளத்துல பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடி வந்தவங்களுக்கு நாந்தான் தொறந்து உட்டேன். மெத்தையெல்லாம் சேறு. ஏசி ரிமோட்டக் காணோம். மொதலாளி எல்லார் முன்னாடியும் நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டாரு. இவ்ளோ ஆவும்னு நான் நெனைக்கலம்மா."

அவளுக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. கூடமே அதிரும்படி கத்த வேண்டும், என் மாமனாரைக் கொன்றுவிட்டார்கள் என்று தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தாள். அத்தையின் கை வந்து அவள் மணிக்கட்டை இறுக்கியது.

"வேணாம் கயலு."

"அத்தே!"

"இசைவாணிக்குக் கல்யாணம் இருக்கு. மாப்ள ஊட்டுக்காரங்க ஏற்கெனவே நொட்ட சொல்றவங்க. அவுரு செத்து ஒரு பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாது." அத்தையின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. உதடு மட்டும் கோணிக் கோணி அடங்கியது.

கயல்விழி திரும்பி விருத்தாம்பாளைப் பார்த்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விசிறுவதை நிறுத்தவும் இல்லை.

"பெரியவருக்கு ரூம்ல மெஷின் வைக்கப் போறோம், வழி உடுங்க" என்று சிங்காரம் சத்தமாகச் சொன்னார். நாலு பேர் பாயோடு தூக்கினார்கள். கயல்விழி மெஷினை எடுத்துக்கொண்டாள். அத்தை போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டே கூட நடந்தாள். "மெதுவா தூக்குங்கப்பா, பெரியவருக்கு இழுப்பு" என்று யாரோ சொன்னார்கள். விருத்தாம்பாள் கதவு வரை விசிறிக்கொண்டே வந்து, உள்ளே வந்ததும் மூலையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அறை அப்படியே இருந்தது. அதே கட்டில், அதே ஆளுயரக் கண்ணாடி. சுற்றி இருந்த பல்புகளில் இரண்டு எரியவில்லை. சிங்காரம் ஏசியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சில்லென்று காற்று வந்தது. யாராவது கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், பிளக் பாயிண்ட் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது என்று.

போன் அடித்தது. இளவரசு.

"கயலு, ஓனர் சரின்னுட்டாரு. சாவி சிங்காரத்துகிட்டதான் இருக்காம். இதுக்கு எதுக்குய்யா என்னைக் கேக்கணும், தொறக்க வேண்டியதுதானன்னு அவுரே திட்டறாரு. தொறந்துட்டாங்களா?"

"தொறந்துட்டாங்க."

"மெஷின் போட்டியா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்து மாமாவின் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். போனுக்குள் மழைச் சத்தம் கேட்டது. யாரோ "இளவரசு, ஏறுப்பா, லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று கூப்பிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு கம்பம் ஏறணும். முடிச்சுட்டு வந்துடறேன். அப்பாவுக்கு மெஷின் போட்டியா, இல்லியா?"

கயல்விழி குனிந்து ஒயரைப் பிரித்தாள். தலைமாட்டில் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"சத்தம் கேக்குது" என்றான் அவன். "அப்பாடா. இப்பத்தான் உயிரே வந்துச்சு."

"பாத்து ஏறுங்க" என்றாள்.

போன் அணைந்தது. தலையணை மேல் கிடந்த மாஸ்க்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டே இருந்தது. ஊற்றிய மருந்து தீரும்வரை யாரும் அதை நிறுத்தவில்லை.