கை கொடுக்கச் சம்மதம்

என் வீட்டுக்காரியின் தம்பிக்கு இரண்டு கையும் கிடையாது. அச்சகத்தில் காகிதக் கட்டு வெட்டும் இயந்திரம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான். இறந்துபோன ஒருவரின் கையை எடுத்து இவனுக்கு வைத்துத் தைக்க முடியும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார்கள். "கை கிடைச்சதும் போன் பண்றோம்" என்றார்கள். ஒன்றரை வருஷமாகப் போன் அவன் பக்கத்திலேயே கிடக்கிறது. அடித்தால் மூக்கால் தொட்டு எடுப்பான். எல்லாம் ராங் நம்பர்.

எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். எனக்குக் கை இருந்தது, எழுத்து இல்லை. அவனுக்கு எழுத்து இருந்தது, கை இல்லை. நாற்பத்தாறு வயதில் நான் முதல்முதலாக 'ஐ' போட்டதைப் பார்த்து, "மாமா, இது எழுத்தா, இடிஞ்ச படிக்கட்டா?" என்று கேட்டான்.

நான் டைல்ஸ் கிடங்கில் சுமை இறக்குகிறவன். போன மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா உறுப்பு தானப் படிவங்களோடு வந்தார். வாயைத் திறக்கும் நேரம் பார்த்து முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க படிச்சுக் காட்டிட்டிருங்க, வந்துடறேன்" என்று படிவக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் பக்கம் சிக்கலில்லாமல் ஓடியது. இறந்த பிறகு கண், இருதயம், ஈரல், சிறுநீரகம். நான் படிக்க, அவரவர் தலையாட்ட, நானே டிக் அடித்தேன். எங்கள் லாரி டிரைவர் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும், அதனால் பெயர் ஹாரன். "எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லுப்பா. என் ஈரலைப் பார்த்தா அவங்களே திருப்பிக் குடுத்துருவாங்க" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் இரண்டே வரி. 'கை கொடுக்கச் சம்மதமா? முகம் கொடுக்கச் சம்மதமா?'

படித்தேன்.

"இதென்ன கேள்வி? கை குடுக்காம எப்படி?" என்றான் வெயிட்டு. கிடங்கிலேயே ஒல்லி அவன்தான். காற்றடித்தால் டைல்ஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அவங்க கேம்ப்ல நாலு நாற்காலி தூக்கிப் போடணும், அவ்ளோதானே?"

எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் ஒத்தாசையைச் சொல்கிறார்கள், படிவம் நிஜக் கையைக் கேட்கிறது. அங்கேயே விளக்கியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் மூக்கால் போன் எடுக்கிறவன் ஞாபகம் வந்து தொலைத்தது.

"உதவிதான்" என்றேன். பொய்யில்லை. உண்மை என்றும் சொல்ல முடியாது.

"அப்போ போடு டிக்கை!" என்றார் ஹாரன்.

சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியை மேஜையில் விட்டுவிட்டு வந்திருந்தார். "முகம் குடுக்கிறதுன்னா?" என்று கண்ணைச் சுருக்கினார்.

"உங்களுக்கு அது வராது சார்" என்றான் வெயிட்டு. "எங்ககிட்ட என்னிக்கு நீங்க முகம் குடுத்துப் பேசியிருக்கீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. "யோவ், எனக்கு ரெண்டுலயும் டிக் போடுய்யா. நான் முகம் குடுக்காத ஆளாம்!"

ஆக, பதினோரு பேருடைய கை. கூடுதலாக ஒரு முகம். நர்ஸம்மா அவசரமாக வெளியே வந்து, வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும், வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். மறுநாள் பிரித்துக் கொடுக்கலாம் என்று கட்டை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். சூப்பர்வைசர் முகத்துக்கு இன்னொரு தடவை சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அவங்களுக்கு விஷயம் தெரியாதா மாமா?"

"தெரிஞ்சா குடுப்பாங்களா?"

"ஒருத்தர் இறந்துபோய், டாக்டர் வந்து கையைக் கேட்டா, அவர் பொண்டாட்டி என்ன நினைப்பாங்க? ஏமாத்தி வாங்கின கையை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சாப்பிடறது?" என் பையை முகவாயால் காட்டி, "சரி, உங்க படிவம் எங்கே?" என்றான்.

அதைத்தான் கேட்கமாட்டான் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரி பையிலிருந்து எடுத்து விரித்துப் பிடித்தாள். முதல் பக்கம் முழுக்க டிக். இரண்டாம் பக்கம் வெள்ளைவெளேர்.

"அது வந்து... போகும்போது முழுசாப் போகலாமேன்னு..."

"அடுத்தவங்க கைன்னா பதினோரு பேரு. உங்க கைன்னா முழுசாப் போகணுமா?" என்றாள்.

"விடுக்கா" என்றான் மச்சான். "மாமா கைக்காகக் காத்திருந்தா எனக்கு எண்பது வயசாயிடும். அவர் நல்லா இருக்கட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அக்கா ஊட்ட வந்தபோது வாயைத் திறக்கவில்லை. "நாளைக்கு நானும் வரேன் மாமா. சொல்லிடுவோம்" என்றான்.

மறுநாள் அவனை ஓரமாக நிறுத்திவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே நின்று உள்ளதைச் சொன்னேன். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"என் கையையா?" என்று ஹாரன் போட்ட சத்தத்தில் சுவரில் காலண்டர் ஆடியது.

"என் மூஞ்சியையா?" சூப்பர்வைசர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார், அதுக்கு ஒண்ணும் அடிதடி இருக்காது" என்றான் வெயிட்டு.

"நான் பண்ணது தப்புதான்" என்றேன். "ஆனா இருதயத்துக்கு நிமிஷத்துல தலையாட்டினீங்க, கைன்னா மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறீங்க?"

"இருதயத்தை நான் பார்த்ததே இல்லையேய்யா!" என்றார் ஹாரன். "இதைத் தினமும் பார்க்குறேன். சோறு போட்ட கை. எங்க வீட்டுல ஒரு ஆள் மாதிரி இது."

வெயிட்டு தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் செத்தப்புறமும் வாசல் மெஷின்ல எவனோ என் ரேகையை வச்சு உள்ளே வருவான். சார் எனக்கு ஆப்சென்ட் போட முடியாது. அதுக்காகவே குடுக்கலாம்."

அப்போதுதான் ஹாரன் ஓரமாக நின்றவனைக் கவனித்தார். "தம்பி யாரு?" என்று வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டே போனார். முழுக்கைச் சட்டையின் நுனி காலியாகத் தொங்குவதைப் பார்த்தார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"வச்சிருங்கண்ணே" என்றான் மச்சான். "இப்ப அவசரமில்லை. அப்புறமா வாங்கிக்கறேன்."

ஹாரன்தான் முதலில் சிரித்தார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டார், எடுத்தார், கடைசியில் மச்சான் தோளில் வைத்தார். அங்கேயே இருந்தது.

பேனா சுற்றி வந்தது. எட்டுப் பேர் கைக்குப் போட்ட டிக்கைக் கோடு கிழித்து அடித்துவிட்டார்கள். ஒருவர் அடித்ததற்கு மேலேயே இன்னொரு கோடு போட்டார். குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. வெயிட்டு அப்படியே விட்டான். ஹாரன் இடது கையை மட்டும் எழுதச் சொன்னார். "வலது ஹாரன் அடிக்கிற கைப்பா, அது என்கூடவே வரட்டும்." சூப்பர்வைசர் முகத்தை மூன்று முறை அடித்தார். கையிடம் வந்ததும் நெடுநேரம் யோசித்து, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அவரும் ஒருவரைக் கேட்டு நடக்கிறவர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாரும் பார்க்க நானும் என் வெள்ளைப் பக்கத்தில் டிக் அடித்தேன்.

"நேத்து பதினோரு ஜோடி இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் ருசிக்கல" என்றான் மச்சான், திரும்பி வரும் பஸ்ஸில். "இன்னிக்கு உங்களோடது சேர்த்து ரெண்டரை ஜோடி. செமத்தியா பசிக்குது மாமா."

அன்றைக்கு அக்கா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டான்.

பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தோடு உட்கார்ந்தாள். சாட்சி என்ற இடத்தில் பேனாவை வைத்தாள். எழுதவில்லை.

"நேத்து அந்தப் பேச்சு பேசினே" என்றேன்.

"பேசினேன்." அவள் என் கையைப் பார்த்தபடி இருந்தாள். "யாரோ ஒருத்தி தன் புருஷன் கையை என் தம்பிக்குக் குடுக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். அந்த ஒருத்திக்கு எப்படியிருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, என் விரலைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"முதல்ல இந்த நகத்தை வெட்டுங்க. எந்த வீட்டுக்குப் போகுமோ, என்னைத்தான் குறை சொல்லுவாங்க."