எண்ணாமல் விட்ட கை

1985ஆம் ஆண்டு தை மாதம் சுருவில் என்ற தீவுக் கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்கத் தேர்தலில் வாக்குப் போடுவதற்காக ஞானசவுந்தரி தூக்கிய வலது கை, 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் வரை கீழே இறங்கவில்லை. அவள் கை தூக்கிய அதே கிழமை மண்ணெண்ணெய் விலையும் ஏறியது. ஊரில் இரண்டையும் பற்றிக் கதைத்தார்கள், மண்ணெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக.

அந்தச் சங்கத்தில் வாக்குப் போடும் முறை இப்படி. ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் கடற்கரைக்கு வருவார்கள். தலைவர் பதவிக்கு நிற்கிறவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடலைப் பார்த்தபடி நிற்பார்கள். கோயில் மூப்பர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, பின்னால் மணலில் நிற்கும் அங்கத்தவர்கள் தங்களுக்கு விருப்பமானவருக்குக் கை தூக்குவார்கள். மூப்பர் நடுவால் நடந்து எண்ணி, கடைசிப் பெயருக்கும் "இறக்குங்கோ" என்று சொன்ன பிறகுதான் தண்ணீரில் நிற்கிறவர்கள் கரைப்பக்கம் திரும்பலாம். தனக்கு யார் தூக்கினார், மற்றவனுக்கு யார் தூக்கினார் என்று அவர்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் விடிய ஒரே வள்ளத்தைத் தள்ள வேண்டியவர்கள், தெரியாமல் இருப்பதுதான் நல்லது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் அவசரப்பட்டுத் திரும்பியதில்லை. ஒரு முறை நின்றவர் ஒருவருடைய காலில் திருக்கை மீன் குத்தியபோதும் அவர் கடலைப் பார்த்துத்தான் குளறினார்.

அந்த வருடம் தண்ணீரில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ்ரியாம்பிள்ளை, ஞானசவுந்தரியின் தமையன், எட்டு வருடமாகத் தலைவராக இருந்தவர். மற்றவர் சவிரிமுத்து. இளவயதில் நீர்கொழும்பு ஆட்களோடு கரையில் வாடிக் குடிசை போட்டுத் தொழில் செய்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பஸ்ரியாம்பிள்ளைக்குக் கோபம் வந்தால் தமிழே பாதியில் நின்றுவிடும். முந்தி தலைவருடைய வேலை வலைக்கு மானியம் கேட்பதும் பெருநாளுக்குப் பந்தல் போடுவதும்தான். கடலில் தடை வந்த பிறகு அது வேறு மாதிரிப் போய்விட்டது. எத்தனை மணிக்கு வள்ளம் இறக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்கத் தலைவர்தான் படகேறிக் கடற்படை முகாமுக்குப் போக வேண்டும். போய் வந்ததும், அங்கே என்ன கதைத்தீர் என்று கேட்க துவக்கோடு இயக்கப் பெடியள் வருவார்கள். பக்கத்து ஊர்ச் சங்கத் தலைவர் ஒருவர் இப்படிப் போனவர், திரும்பி வரவில்லை. அவரை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுகூட அவருடைய வீட்டாருக்குத் தெரியவில்லை.

ஞானசவுந்தரிக்கு அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுடைய புருஷன் குருசுமுத்துவைக் கடல் கொண்டுபோய் நாலு வருடம். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது தமையன் மட்டும்தான். இந்த முறை நிற்கவேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பஸ்ரியாம்பிள்ளை, வேண்டாம் என்று சொன்னால் அதைத்தான் முதலில் செய்கிற ஆள். சின்ன வயதில் புளியமரத்தில் ஏறாதே என்று சொன்னதற்காகவே ஏறி விழுந்தவர். அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. குருசுமுத்துவின் அங்கத்துவம் அவளுடைய பெயருக்கு மாறியிருந்தது, மாதாமாதம் சந்தாவும் கட்டிவந்தாள். அந்த ஞாயிறு முகத்தைக் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றாள். சவிரிமுத்து என்று மூப்பர் சொன்னதும் கையைத் தூக்கினாள்.

மூப்பர் எண்ணினார். அவர் கெட்ட மனிதரல்ல. வள்ளங்களை எண்ணுகிறவர் அணிய முனையில் இருக்கும் காகத்தை எண்ணாத மாதிரி, அவளைத் தாண்டிப் போனார். ஆளுக்கு இருபத்திரண்டு. சரிசமமாக வந்தால் பழைய தலைவரே இருக்கலாம் என்பது சங்க விதி. "இறக்குங்கோ" என்றார். எல்லாக் கையும் இறங்கியது, ஒன்றைத் தவிர. தண்ணீரில் நின்ற இருவரும் திரும்பினார்கள். பஸ்ரியாம்பிள்ளை தனக்கு எதிராகத் தூக்கிய கையைக் கண்டார், பிறகு அது யாருடையது என்பதையும் கண்டார்.

"கையை இறக்கு பிள்ளை, எல்லாம் முடிஞ்சுது" என்றார் மூப்பர்.

"இறங்குதில்லை மூப்பர். எண்ணாமல் விட்டிட்டியள், அதாக்கும்."

"பொம்பிளையளை எண்ணுற வழக்கமில்லை."

"சந்தா வாங்கேக்கை அந்த வழக்கம் எங்கை போனது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சவிரிமுத்து கரைக்கு வந்து சாரத்தைப் பிழிந்தபடி, "அந்தக் கையை எண்ணினால் நான் வெண்டிட்டன், ஞாபகம் வைச்சிருங்கோ" என்றார். மூப்பர் சங்கடப்பட்டு, தலைவர் சொன்னால் எண்ணுறன் என்றார். பஸ்ரியாம்பிள்ளை தங்கச்சியைத் தாண்டி நடந்துகொண்டே, "நான் சொல்லன்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு ஐந்து வருடம் போனது.

முதல் கிழமை கையை இறக்க எல்லாம் செய்து பார்த்தார்கள். நல்லெண்ணெய் பூசித் தேய்த்தார்கள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டாக்குத்தர் தட்டிப் பார்த்து, கை நல்ல சுகமாக இருக்கிறது, நோவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்ப என்ன பிரச்சினை என்று கேட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கரைவலை இழுக்கிற இரண்டு பெடியள் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். அவர்களுடைய கால்தான் நிலத்திலிருந்து எழும்பியது. பங்குச் சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஞானசவுந்தரியும் தன் வேலையைப் பார்த்தாள். இடது கையால் மீன் வெட்டப் பழகினாள். தேங்காய் துருவ மட்டும் ஏலாது. அதற்குப் பஸ்ரியாம்பிள்ளையின் பெண்சாதி மேரிஜோசப்பின் வருவாள், தலையும் பின்னிவிடுவாள், தோளில் பொத்தான் வைத்த சட்டையும் தைத்துக் கொடுத்தாள். தெருவைக் கடக்க அவள் ஓரமாக நின்றால் யாழ்ப்பாண பஸ் நின்றுவிடும். ஏறவும் மாட்டாள். கொண்டக்டர் ஒவ்வொரு நாளும் பேசிப் பேசி, கடைசியில் சுகம் விசாரித்துவிட்டுப் போகத் தொடங்கினார். கோயிலில் கலியாண ஓலை வாசித்து, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் கேட்கும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரு கை நின்றது. இரண்டு மூன்று மாப்பிள்ளைமார் வியர்த்துப்போன பிறகு அவளைத் தூணுக்குப் பின்னால் இருக்கச் சொன்னார்கள். இந்திய ஆமி வந்த காலத்தில் எல்லோரையும் மறித்துக் கையைத் தூக்கச் சொன்னபோது அவளுக்குப் பாதி வேலை மிச்சம். ஒரு சின்னச் சிப்பாய் அவள் தனக்குக் கை காட்டுகிறாள் என்று நினைத்துத் தானும் காட்டினான். அந்தக் கிழமை முழுக்க அவள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை அவளோடு கதைக்கவில்லை. ஆனால் கை தூக்கி மூன்றாம் நாள் வாளும் உளியும் கொண்டு வந்து அவளுடைய வீட்டு நிலையின் மேல்கட்டையை அறுத்து எடுத்து வாசலை உயர்த்தினார். சமைக்கிற குசினி வாசலையும் உயர்த்தினார். அடுத்த மாரிக்கு மழைத்தண்ணீர் கைவழியே வழிந்து சட்டையை நனைக்கிறது என்று பெண்சாதி சொன்னதைக் கேட்டு, பெரிய கறுப்புக் குடை ஒன்றை வாங்கி வந்து அவளுடைய வேலிப் படலையில் கொழுவிவிட்டுப் போனார். கை எப்படியும் மேலேதானே நிற்கிறது, குடை பிடிக்க அவளைப் போல வசதி ஊரில் ஒருவருக்கும் இல்லை. மீன் பட்ட நாளெல்லாம் ஒரு பங்கு வெட்டிக் கழுவியே வந்தது. எண்ணச் சொல்லுங்கோவன் என்று மேரிஜோசப்பின் இரவில் சொன்னால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பதவிக்காக அல்ல. கூடப்பிறந்தவளே வேண்டாம் என்று கை தூக்கினாள் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு கூட்டமும் கூடவில்லை. ஆட்கள் ஒரு இடத்தில் சேர்ந்து நின்றால் யாராவது வந்து ஏன் என்று கேட்கிற காலம். அதனால் தலைவர் தலைவராகவே இருந்தார். மாதம் ஒரு தடவை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முகாமுக்குப் போனார். அவர் போகும் நாட்களில் ஞானசவுந்தரி உலை வைக்க மாட்டாள், துறைக்குப் போய் நிற்பாள். திரும்பி வருகிறவருக்குக் கரை தெரிய முதலே அந்தக் கை தெரியும். அதைக் கண்டதும் அவர் மூச்சை விடுவதைப் படகோட்டி கண்டிருக்கிறான். கரைக்கு வந்து அவளைப் பார்க்காமலே போய்விடுவார்.

1990 ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கியது. இரண்டாம் கிழமை, சங்கத் தலைவர் உடனே முகாமுக்கு வரவேண்டும் என்று ஆள் வந்து சொன்னது. இந்த முறை எதற்கு என்று சொல்லவில்லை. பஸ்ரியாம்பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட, மேரிஜோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படலையை மறித்துக்கொண்டு ஞானசவுந்தரி நின்றாள்.

"விலகு. நேரம் போகுது" என்றார். ஐந்து வருடத்தில் அவளிடம் பேசிய முதல் சொல் அது.

"என்னை எண்ணிப்போட்டுப் போங்கோ."

"எனக்கு எதிராத் தூக்கின கையை நான் எண்ணோணுமோ?"

"ஆர் எதிராத் தூக்கினது? நீங்கள் அங்கை போகக்கூடாதெண்டு தூக்கினனான். ஒராளைக் குடுத்தது காணும் அண்ணை."

பஸ்ரியாம்பிள்ளை படலையிலிருந்து கையை எடுத்தார். "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் நீங்கள் மூண்டு சங்கத்துக்கு நிண்டிருப்பியள்."

"ஓம், நிண்டிருப்பார்" என்றாள் மேரிஜோசப்பின், அழுகைக்கு நடுவில்.

செய்தி கேட்டுச் சவிரிமுத்துவும் ஒழுங்கைக்கு வந்திருந்தார். பஸ்ரியாம்பிள்ளை அவரைக் கண்டதும் தலையை ஆட்டினார். இவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, இவனை அனுப்ப ஏலாது என்றார். சவிரிமுத்து வேலியில் சாய்ந்துகொண்டு ஞானசவுந்தரியைப் பார்த்து, "அப்ப நான் செத்தால் காரியமில்லை, என்ன?" என்று கேட்டார்.

"உமக்குச் சிங்களமும் வரும், பொய்யும் வரும். தப்பி வந்திடுவீர். இவருக்கு ரெண்டும் வராது."

அது உண்மைதான் என்று சவிரிமுத்துவுக்கும் பட்டது. "அஞ்சு வருசமா நான் வெண்ட ஆள். இனியாவது சொல்லுங்கோவன்" என்றார்.

"மூப்பரைக் கூப்பிடுங்கோ, எண்ணட்டும்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. மூப்பரைக் கூட்டிவந்தார்கள், கடற்கரையில் ஊர் கூடியது. பஸ்ரியாம்பிள்ளையும் சவிரிமுத்துவும் தண்ணீரில் இறங்கிக் கடலைப் பார்த்து நின்றார்கள். விட்ட இடத்திலிருந்து தேர்தல் நடக்கிறது என்று மூப்பர் சொன்னார். மற்றவர்கள் தங்கள் கை முந்தியே எண்ணுப்பட்டது என்று சும்மா நின்றார்கள். அன்று கை தூக்கியவர்களில் சிலர் செத்துவிட்டார்கள், சிலர் பாரிசுக்குப் போய்விட்டார்கள், அவர்களுடைய கைகளும் கணக்கில் இருந்தன. மூப்பருக்குக் கண் மங்கியிருந்தது. பக்கத்தில் வந்து அவளுடைய முழங்கையைத் தொட்டு, "இருபத்திமூண்டு. இறக்கு பிள்ளை" என்றார். கை இறங்கியது. இறங்கிய கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ரியாம்பிள்ளை தண்ணீரிலிருந்து ஏறி வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.

முகாமுக்குப் போன சவிரிமுத்து அன்று இரவு திரும்பி வந்தார். நான்தான் தலைவர், எண்பத்தைந்தாம் ஆண்டு நடந்த தேர்தலில் இன்று காலைதான் வென்றேன் என்று சொன்னாராம். அது எப்படி என்று அதிகாரி கேட்க, ஒரு வாக்கு வந்துசேரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது என்று தொடங்கி, குடை, பஸ், கலியாண ஓலை எல்லாவற்றையும் சிங்களத்தில் விளங்கப்படுத்தினாராம். கேட்டுச் சிரித்து முடிய அங்கே பொழுதுபட்டுவிட்டது, அடிக்க நேரம் இருக்கவில்லை என்றார். வழியில் பெடியள் மறித்தார்கள். அவர்களுக்கு அதே கதையைத் தமிழில் சொன்னார்.

ஆவணியில் ஷெல் அடி தொடங்க, ஊர் முழுக்கத் தீவை விட்டு வெளிக்கிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், வகுப்புக்கு நாலு குடும்பம். தலைவர் சவிரிமுத்து அரசாங்கக் கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக நடந்து அரிசி கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே உலையில் சமைப்பதா, குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுப்பதா என்று கேள்வி வந்தது. மூப்பருக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியாது, எண்ணுகிற வேலையைப் பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுத்திருந்தார்கள். ஒரே உலைக்குக் கை தூக்கச் சொல்லி, அவர் பெண்களிலிருந்து தொடங்கி எண்ணினார். பிறகு "இறக்குங்கோ" என்றார்.

இறக்கினார்கள். யன்னல் கரையில் ஒரு கை நின்றது. மேரிஜோசப்பின்.

"உன்னையோ விட்டனான்?" என்றார்.

"வேறை ஆரை விடுவியள்?" என்றாள் அவள், மற்றக் கையால் விசிறிக்கொண்டு.

ஒருவரும் எழும்பி வந்து பார்க்கவில்லை. எண்ணெயும் தேடவில்லை. "முதலிலையிருந்து எண்ணுங்கோ அண்ணை, பிள்ளையளுக்குப் பசிக்குது" என்றாள் ஞானசவுந்தரி. எல்லோரும் திரும்பக் கையைத் தூக்கினார்கள். பஸ்ரியாம்பிள்ளை யன்னல் கரைக்குப் போய், ஒன்று என்று தொடங்கினார்.