சேலை அறுக்கும் நாள்

ஜெயவேல் துக்கத்தில் குடிக்கிற ஆள் இல்லை. இதைச் சொன்னால் கண்ணமங்கலம் மறுவாழ்வு இல்லத்தில் யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. கவலையா, சண்டையா, தனிமையா என்று என்னென்னவோ கேட்டார்கள். அவன் மனைவி சுபலட்சுமிக்கு எரிச்சலே வந்துவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சேலை முடிஞ்சு தறியிலேர்ந்து அறுக்கிற அன்னிக்குத்தான் குடிப்பாரு. ஆரம்பிச்சா அப்புறம் தறிப்பக்கமே வரமாட்டாரு."

ஆரணியில் தறி இருக்கிற வீடுகளுக்கு இது தெரிந்த சங்கதி. நாள்கணக்காகக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்தவன், சேலையை அறுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அவன் ராஜா. கூலியைச் சுபலட்சுமியே போய் வாங்கி முந்தானையில் முடிந்தும் பார்த்துவிட்டாள். ராஜாவுக்கு ஊற்றிக் கொடுக்கக் கூட்டாளிகளுக்கா பஞ்சம்?

இல்லத்தை நடத்திய அருள்ராஜ் அவள் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல, ஓலாவ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். அவர் நார்வேக்காரர். அந்த நாட்டுக் கிறிஸ்தவ சபை ஒன்று இல்லத்துக்கு ஆள் அனுப்பி உதவிக்கொண்டிருந்தது. அவரும் ஒரு காலத்தில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்து, மொடாக்குடி குடித்து, மீண்டவர்தான். கடலில் இருக்கும்வரை ஒரு சொட்டு தொடமாட்டாராம். படகு கரை சேர்ந்த அன்று ஆரம்பிப்பாராம். கடைசியில் சபைக்காரர் ஒருவர், படகு வரும்போதெல்லாம் துறையில் வந்து நின்று, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாராம்.

"அதே மாதிரி நாங்களும் ஜெபம் பண்ணி, கூட வந்து நிக்கிறோம்னு சொல்றாரும்மா," என்றார் அருள்ராஜ்.

"ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. எங்க முருகர் கோச்சுக்கமாட்டாரு. ஆனா அறுக்கிற அன்னிக்கு வாசல்ல ஆள் நிக்கணும்."

ஜெயவேல் மூன்று மாதம் அங்கே இருந்து, தேறி வந்து, தறியில் உட்கார்ந்தான். முதல் சேலை முடிகிற நாளைச் சுபலட்சுமி முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தாள். அந்த நாள் பார்த்தா பஸ் ஸ்டிரைக் வரவேண்டும்! பஸ்தான் ஓடவில்லை, அரசாங்கத்தின் பிராந்திக்கடை ஜோராகத் திறந்திருந்தது.

மதியத்துக்குள் நெசவு முடிந்துவிட்டது. பூத்துக்கு ஓடி இல்லத்துக்குப் போன் போட்டால், அருள்ராஜும் ஓலாவும் கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். எதில் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் வீடு திரும்புவதற்குள் முதலாளியின் ஆள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னா ஜெயவேலு, ஜல்தியா அறுத்துக் குடுப்பா. சேலை வாங்குற பார்ட்டி கடையில வந்து உக்காந்துகினு இருக்காங்க."

அவனுக்குப் பின்னால் பழைய கூட்டாளி சுப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சுபலட்சுமி கதவைச் சாத்திக் குறுக்கே படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். எத்தனை நாளைக்குப் படுப்பது?

ஜெயவேல் கத்தியை எடுத்தான். சேலை முடிந்த இடத்தில் வைத்தான். வாசலில் நின்ற சுப்பனைப் பார்த்தான். குழியிலிருந்து எழுந்து வந்து கத்தியை அவள் கையில் கொடுத்தான்.

"எங்கனா ஒளிச்சு வை சுபா. அவங்க வராம நான் அறுக்கறதா இல்ல."

"வராமப் போயிட்டா?"

"நாளைக்கு வருவாங்க. அதுவரைக்கும் தறியிலயே கெடக்கட்டும்."

"பேஜாரா போச்சு உங்களோட," என்று தலையில் அடித்துக்கொண்டு முதலாளியின் ஆள் போனான். சுப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு அவனும் நகர்ந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருமுனையில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அருள்ராஜ் நொண்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஓலாவ், செருப்பு கையில், முகம் வெயிலில் தக்காளியாகச் சிவந்து. கண்ணமங்கலத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் ஓலாவ் தறியைத்தான் எட்டிப் பார்த்தார். சேலை அறுக்காமல் இருந்தது. அந்த நெட்டை மனுஷர் ஜெயவேலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

சுபலட்சுமிக்கும் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"இப்ப அறுங்க. நாலு பேருமாப் போயி குடுத்துட்டு வரலாம்."