மூண்டு போட்டனான்

டென்மார்க்கில் தமிழ்ச் செய்தி ஓடுகிற வேகத்துக்கு ரயில் ஓடாது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் எஸ்பியர்க்கில் புறப்பட்ட செய்தி, மறுநாள் மத்தியானச் சோறு ஆறுவதற்குள் புரொண்பி வரை போய், அங்கே கொஞ்சம் சதை பிடித்து, சொந்த ஊரான பிரெடெரிசியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தங்கமலரின் மகன் நிரோஜன் டெனிஷ்காரரின் கிண்ணத்தை வென்றுவிட்டான். இறுதிப் போட்டியில் மட்டும் மூன்று கோல். இதுதான் செய்தி. புறப்படுத்தி விட்டவள் வேறு யாருமல்ல, பெற்ற தாய்தான்.

அன்று தங்கமலர் எஸ்பியர்க்கில் ஒரு சாமத்திய வீட்டில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையான கொண்டாட்டத்தில், இருந்தாள். மகன் நான்கு வருடமாக அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறான். ஒரு நாள்கூட அவள் போய்ப் பார்த்ததில்லை. குளிரில் நின்று ஆளை ஆள் இடித்து விழுத்துவதைப் பார்க்க அவளால் முடியாதாம். அந்த வேலையைக் கணவர் சிறீஸ்கந்தராசாவிடம் விட்டிருந்தாள். வாயைத் திறந்தால் பல் கொட்டிவிடும் என்று பயந்தவர் போல இருக்கிற மனிதர் அவர். போட்டி முடிந்ததும் "வெற்றி" என்று ஒரே ஒரு சொல் அனுப்பினார். பிறகு, கைத்தொலைபேசியில் தான் பிடித்த வீடியோவையும் அனுப்பினார். அதைத் தங்கமலர் கடைசியில் கிண்ணத்தைத் தூக்குகிற இடத்தில் மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு மகனுக்குப் போன் எடுத்தாள். மண்டபத்தில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களில் முதற்காது சுசீலாதேவியுடையது. பிரெடெரிசியாவில் தங்கமலரின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள்.

"எத்தினை போட்டனி, தம்பி?"

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்துதான் வந்தது. பிள்ளைக்கு ஓடிய களைப்பு என்று நினைத்தாள்.

"மூண்டு," என்றான் நிரோஜன். "மூண்டு போட்டனான், அம்மா."

அவள் போனை வைக்கவுமில்லை. மேசைக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்த கிழமை தமிழ்க் கடையில் மரியரட்ணம் அண்ணை அவளை மறித்தார். தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டுப் பொறுப்பு அவருடையது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் ஃபுல்பேக் ஆக நின்றவர். முழங்கால் இரண்டும் போய்விட்ட பிறகும் அந்தப் பதவியை விடவில்லை. தம்பி எந்த இடத்தில் விளையாடுகிறான் என்று கேட்டார். தங்கமலர் மகனிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்த சொல்லை எடுத்து விட்டாள்: குவாட்டர்பேக்.

மரியரட்ணம் யோசித்தார். "ஃபுல்பேக் தெரியும். ஹாஃப்பேக் தெரியும். குவாட்டர்பேக் எண்டால் ஹாஃப்பேக்கிலையும் அரைவாசியோ, பிள்ளை?"

கடையில் நின்ற நாலு பேர் மரக்கறியைப் பார்த்தபடி சிரித்தார்கள். தங்கமலருக்குச் சுருக்கென்றது. "பந்து அவன்ரை கையைத் தாண்டித்தான் அண்ணை எங்கையும் போகும்," என்றாள்.

"கையோ? அப்ப கோல்கீப்பரோ?"

"எல்லாம் அவன்தான்."

அந்தச் சொல்லோடு விஷயம் அவள் கையை விட்டுப் போய்விட்டது. இரண்டே நாளில் மரியரட்ணம் சங்க ஆண்டு விழாவில் பாராட்டு வைக்கத் தீர்மானித்து, எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் ஒரு படமும் விட்டார். கிண்ணத்தோடு நிரோஜன், தலைக்கு மேலே "டென்மார்க்கை வென்ற தமிழன்".

படத்தைப் பார்த்த அன்றே நிரோஜன் வந்து குசினி வாசலில் நின்றான். இருபத்தாறு வயது, கதவை அடைக்கிற தோள், துறைமுகத்தில் மின்சார வேலை. தான் வரவில்லை என்றான். ஏன் என்று கேட்டாள்.

"வெக்கமா இருக்கு."

சபைக் கூச்சம் பொன்னாடை தோளில் விழுந்ததும் போய்விடும் என்றாள். தான் நன்றாக விளையாடவில்லை என்றான். கிண்ணம் எடுத்தீர்களா இல்லையா என்று கேட்டாள். எடுத்தது உண்மைதான், ஆனால் என்று தொடங்கியவன் தமிழ் போதாமல் டெனிஷுக்குப் பாய்ந்தான். முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்தவளுக்கு டெனிஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது மருந்துக் குளிசைக்கும் சூப்புக்கும் பென்சன்காரரின் கோபத்துக்குமான டெனிஷ். விளையாட்டுச் சொற்கள் மழையாகக் கொட்ட அவள் கறியைக் கிளறினாள். கடைசியில் தாய்மாரின் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்: அப்படியென்றால் தான் எப்படிச் சனத்தின் முகத்தில் விழிப்பது?

அவன் நிலத்தைப் பார்த்தான். வருகிறேன் என்றான். ஒரு நிபந்தனை: வீடியோ ஒன்றும் காட்டக்கூடாது.

சரி என்றாள். முந்தின நாள்தான் கணவர் அனுப்பிய முழு வீடியோவையும் சுசீலாதேவியின் மகள் சாரங்கிக்கு அனுப்பி, "தம்பி நல்லா விளையாடின இடங்களாப் பார்த்து வெட்டி எடு பிள்ளை" என்று சொல்லியிருந்தாள். அதை மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் போனதும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அந்த வேலையை நிறுத்தச் சாரங்கியின் வீட்டுக்கு நடந்தாள்.

சாரங்கி தாயோடு இல்லை, தனியே இருக்கிறாள். வாயும் தாயுடையது இல்லை. உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறவள், கை முறிந்து கால் சுளுக்கி வருகிற விளையாட்டுக்காரரைப் பார்த்துப் பார்த்து இந்த முட்டைப் பந்து விளையாட்டையும் கரைத்துக் குடித்திருந்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு கணினியைத் திருப்பி வைத்துவிட்டுச் சொல்லக் கொஞ்சம் இழுத்தாள்.

"அன்ரி, நல்லா விளையாடின இடம்... தேடிப் பார்த்தன். கஷ்டமா இருக்கு."

ஏன், வெளிச்சம் சரியில்லையோ என்று தங்கமலர் கேட்டாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

சாரங்கி விளங்கப்படுத்தினாள். குவாட்டர்பேக் என்றால் பந்தைக் கையில் வாங்கி, ஓடுகிற தன் ஆளுக்கு எறிகிறவர். எதிர்ப் பக்கத்தான் அதைப் பிடித்துவிட்டால் அதைவிட மானக்கேடு அந்த இடத்தில் இல்லை. திரையில் நிரோஜன் பின்னுக்கு வந்தான், எறிந்தான், எதிர்ப் பக்கத்தான் ஒருவன் கல்யாணத்தில் பூமாலை வாங்குகிற மாதிரி வசதியாக நின்று வாங்கிக்கொண்டான். கொஞ்சம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"மூண்டு," என்றாள் சாரங்கி, மெதுவாக.

தங்கமலரின் கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. மூண்டு போட்டனான், அம்மா. பிள்ளை சொன்னது எண்ணிக்கை பிசகாமல் உண்மை. அவள்தான் அதற்குக் கோல் கட்டி ஊர் ஊராக அனுப்பியிருந்தாள்.

அப்படியென்றால் எப்படி வென்றார்கள்? தடுக்கிறவர்கள் வென்று கொடுத்தார்கள். எதிர்ப் பக்கத்தை நகர விடாமல் அமுக்கி, பந்தைப் பறித்து, அவர்களே கொண்டு ஓடிப் புள்ளியும் எடுத்தார்கள். அமெரிக்காவிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள் சாரங்கி. சுமாராக எறிந்து, பின்னால் நின்றவர்களின் தயவில் பெரிய கிண்ணம் எடுத்தவர்கள். எத்தனை வருடம் போனாலும் சனம் அவர்களை விடாது. மற்றவர்கள் ஓட்டின பஸ்ஸில் சும்மா ஏறி வந்து இறங்கினவர் என்றுதான் சொல்லும். "ஆனா அன்ரி, கிண்ணத்திலை அவையின்ரை பேரும்தான் இருக்கு." ஆறுதலாகச் சொன்னதுதான். தங்கமலருக்கு 'பஸ்' மட்டும் காதில் நின்றது.

நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தபோது வீடியோவுக்குள் ஒரு குரல் கேட்டது. கமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ டெனிஷ்காரன், மூன்றாவது எறிக்குப் பிறகு, இவனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் இன்னும் லேசாக வென்றிருக்கலாம் என்றான். இது சூப்பு டெனிஷ்தான். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

பிறகு கமராவுக்குப் பின்னாலிருந்து சிறீஸ்கந்தராசாவின் குரல், உடைந்த டெனிஷில், நிதானமாக: "ஓம். அவன் என்ரை மகன்."

அந்த ஆள் மன்னிப்புக் கேட்டான். படம் மகனை விட்டு விலகவில்லை.

வீட்டுக்கு வந்த தங்கமலர் கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த மனிதர் இத்தனை நாளும் அவள் போனில் கோல் அளந்ததைக் கேட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் காலநிலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைக்க, முகம் காதுவரை சுட்டது. மகனுக்கு எடுக்கப் போய் இரண்டு தரம் போனை வைத்தாள். என்னவென்று தொடங்குவது? மரியரட்ணத்துக்கு மட்டும் எடுத்தாள். அந்த மூன்றை மேடையில் சொல்லாமல் விட முடியுமா என்று நைசாகக் கேட்டாள்.

"ஏன் பிள்ளை," என்றார் மரியரட்ணம், "நாலோ?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஒரு பொன்னாடைதானே, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தப் பத்து நிமிடத்துக்கு நல்ல சேலையும் எடுத்து வைத்தாள்; அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. றோல்ஸ், பற்றிஸ் என்று தின்பண்டம் எல்லாம் பின்மேசையில் மூடி இருந்ததால் சனம் கடைசிவரை இருக்கும் என்பது உறுதி. தங்கமலர் கேட்டுக்கொண்டபடி சாரங்கி கிண்ணத்துப் படத்தை மட்டும் திரையில் விட்டாள். தன் தாய் சுசீலாதேவிக்கும் விஷயத்தை மூச்சு விட்டிருக்கவில்லை. மரியரட்ணம் ஒலிவாங்கியைப் பிடித்தார். இறுதிப் போட்டியில் மூன்று கோல் என்றார். நாலு என்றும் ஒரு கதை அடிபடுகிறது என்றார். சனம் கை தட்டியது. பொன்னாடை நிரோஜனின் தோளுக்குப் போதாமல் ஒரு பக்கம் சரிந்தது.

இரண்டு சொல் பேசும்படி ஒலிவாங்கியை அவனிடம் கொடுத்தார்கள். அவன் முன்வரிசையில் இருந்த தாயை ஒருமுறை பார்த்தான்.

"வணக்கம். மூண்டு போட்டது உண்மை. ஆனா மூண்டும் மற்ற டீமின்ரை கையிலை போட்டனான். வெண்டது எங்கடை தடுக்கிற ஆக்கள். நான் சும்மா நிண்டனான்."

மண்டபம் ஒரு கணம் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தது. பிறகு முன்னையதைவிடப் பலமாகக் கை தட்டியது. மரியரட்ணம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பணிவு என்றால் இதுதான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்துப் படிக்க வேண்டும் என்றார். நிரோஜன் சிரிக்கவில்லை. சரிந்த பொன்னாடையோடு, தண்டனைக்கு நிற்பாட்டின பிள்ளை மாதிரி நின்றான்.

தங்கமலர் தப்பிவிட்டாள். இனி ஒருவரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பேசாமல் இருந்தால் போதும். ஆனால் பிள்ளை ஒரே உண்மையைத் தனக்கு ஒருதரமும் சபைக்கு ஒருதரமும் சொல்லி, இரண்டு தரமும் ஒருவரும் கேட்காமல் பொன்னாடை வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தான் எழுந்து நிற்பது, நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"அவன் பகிடிக்குச் சொல்லேல்லை, மரியரட்ணம் அண்ணை," என்றாள். "அவன் எனக்கு அண்டைக்கே உண்மையைத்தான் சொன்னவன். கோல் எண்டு சொன்னது நான். நான் அங்கை போகவுமில்லை, பார்க்கவுமில்லை."

கை தட்டல் வரிசை வரிசையாக அணைந்தது. யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். மூன்றாம் வரிசையிலிருந்து சுசீலாதேவி, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில் கேட்டாள்:

"அப்ப அந்த நாலு?"

"நாலை நான் சொல்லேல்லை, சுசீலா அக்கா," என்றாள் தங்கமலர். அந்த நேரத்திலும் கணக்கை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

போட்ட பொன்னாடையைக் கழற்றுவதற்கு எந்தச் சங்கத்திலும் விதி இல்லை. மரியரட்ணம் சரிந்த பக்கத்தைத் தூக்கி நேராக்கினார். கிண்ணம் கிண்ணம்தானே என்று முணுமுணுத்தார். அடுத்ததாகச் சிறுமிகளின் நடனம் என்று அறிவித்தார். றோல்ஸ் நேரத்தில் தங்கமலர் நின்ற பக்கம் திடீரென்று நல்ல விசாலமாக இருந்தது. சனம் சற்றுத் தள்ளி நின்று, குவாட்டர்பேக் என்றால் என்னவென்று சாரங்கியை விசாரித்தது.

காரை நிரோஜன் ஓட்டினான். சிறீஸ்கந்தராசா முன்னுக்கு. தங்கமலர் பின்னுக்கு, மடித்த பொன்னாடைக்குப் பக்கத்தில். கண்ணாடியில் மகனின் கண் தெரிந்தது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த போட்டி எப்போது என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"சொன்டேய்," என்றான். ஞாயிற்றுக்கிழமை. பிறகு, "கெதியா மாத்திப் போடுவினம், அம்மா. என்னைவிட நல்லா எறியிற ஒருத்தன் வந்திருக்கிறான்."

"மாத்தட்டும். நான் வாறன்."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. போக்குவரத்து விளக்கில் காரை நிறுத்தினபோது அவள் கணவரின் தோளைத் தொட்டாள்.

"இஞ்சருங்கோ. அண்டைக்குப் பக்கத்திலை நிண்டவனுக்கு, என்ரை மகன் எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கு வெக்கமா இருக்கேல்லையே?"

நிரோஜன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கதை அவனுக்குத் தெரியாது. சிறீஸ்கந்தராசா சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பச்சையாகிறவரை யோசித்தார்.

"வெக்கமாத்தான் இருந்தது," என்றார். "அதுக்காக வேறை ஆரின்ரையோ பிள்ளை எண்டு சொல்ல ஏலுமே?"