கைக்குட்டையும் பல்லிக்குஞ்சும்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்க. ஒரு கதை சொல்லப்போறேன். சத்தம் போட்டுச் சொல்லுற கதை இல்லை. இதில் வருகிற உயிர் தீக்குச்சியை விடச் சின்னது.

ஒரு இஸ்திரிக் கடை. அண்ணன் தேய்ப்பார்; தங்கை துணிக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைப்பாள். அண்ணனுக்கு ஆறடி உயரம், தெருவில் அவருக்கு 'மலை' என்று பேர். ஆனால் பல்லியைக் கண்டால் அந்த மலை நாற்காலி மேல் ஏறி நிற்கும்.

ஒரு காலையில் மேசைக்கு அடியில் கிடந்த பழந்துணியைத் தங்கை தூக்கினாள். உடைந்த முட்டை ஓடு. பக்கத்தில் ஒரு பல்லிக்குஞ்சு. அதைச் சுற்றி எறும்புகள். ஊதி ஊதி எறும்பை விரட்டி, குஞ்சைக் காகிதத்தில் ஏந்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டாள். பாட்டில் வாயைக் கைக்குட்டையால் மூடி நூலால் கட்டினாள்.

"கடையில ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றார் அண்ணன்.

"அதுக்கு ஒரு கொசு போதும் அண்ணே. உனக்குச் சோறு போட்டுக் கட்டுப்படியாகல. அதையே வச்சுக்கிறேன்."

வாய்தான் அப்படி. அவள் கண் பாட்டிலையே சுற்றியது. இரண்டு நாள் குஞ்சு எதையும் தொடவில்லை. பழத்தோலில் மொய்க்கும் பொடி ஈயைப் பிடித்துப் போட்டாள், பாட்டில் சுவரில் தண்ணீர் தெளித்தாள். கடைக்கு வந்ததும் முதல் வேலை, அதன் தொண்டை துடிக்கிறதா என்று பார்ப்பது. அது எப்போதும் கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் ஒரு ஈயைத் தின்றது.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக வெள்ளைக் கோட்டு வந்தது. ஈ போடுவதற்காகப் பாட்டிலை மேசை மேல் வைத்து நூலை அவிழ்த்த தங்கை, கட்ட மறந்து, தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனாள். தேய்க்கிற கைக்குக் கண் வேண்டாம். கசங்கின துணி தட்டுப்பட்டால் தானாக எடுத்துவிடும். அண்ணன் கை அந்தக் கைக்குட்டையை எடுத்தது, தண்ணீர் தெளித்தது, மடித்தது, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியது. உஸ்ஸென்று ஆவி வந்தது.

தங்கை திரும்பி வந்தாள். பாட்டில் காலி.

"அண்ணே, இதுமேல இருந்த கைக்குட்டை எங்கே?"

தூக்கின பெட்டி அப்படியே நின்றது. மேசை மேல் நாலாக மடித்த கைக்குட்டை, இன்னும் சூடு ஆறாமல்.

"நீ பிரி பாப்பா. என்னால முடியாது."

ஒரு மடிப்பைப் பிரித்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததைப் பிரித்தாள். நூல்துண்டு போல ஒரு வால், தட்டையாக. உடம்பைக் காணவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டி பிடித்த கையின் மணிக்கட்டில், வாலில்லாமல், அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரற்கடை தள்ளிக் கீழே கொதிக்கிற இரும்பு.

"உதறிடாதே அண்ணே! உதறினா நேரா பெட்டி மேலதான் விழும்."

"கீழ வைக்கட்டுமா?"

"வேணாம். கையை அசைச்சா வழுக்கிரும்."

கனமான பெட்டி. தங்கை உள்ளங்கையை நனைத்து, இரும்புக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நுழைத்தாள். புறங்கை சுட்டது. எடுக்கவில்லை.

"சீக்கிரம்டி… கை விட்டுப்போகுது."

"கண்ணை மூடிக்க. நாய்க்குட்டின்னு நினைச்சுக்க."

"எனக்கு என் பேரே நினைவில்ல, நாய்க்குட்டியாம்."

குஞ்சு ஈரத்தை ஒருமுறை நக்கியது. ஒரு கால் வைத்தது. நின்றது. அடுத்த கால். அது முழுசாக ஏறினதும் தங்கை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அண்ணன் பெட்டியை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.

"மூச்சு விடுதா?"

"விடுது."

"நல்லாப் பாருடி. அழுத்தினது நான்."

அவள் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மலை நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடுகளவு தொண்டை துடிப்பதை வெகுநேரம் பார்த்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுக்குள் வந்து ஒண்டுகிற எந்த உயிருக்கும் சூடு படாதிருக்கட்டும். தெரியாமல் உங்கள் கை தவறினாலும், தடுக்க இன்னொரு கை பக்கத்திலேயே இருக்கட்டும்.